பாட்டுக்குப் படியளப்பவர்

பாட்டுப் பாடுகிறவருக்கும் வயிறு உண்டு. சங்கீதத்தின் பெருமையை எத்தனை உயரத்தில் ஏற்றிப் பேசினாலும், கடைசியில் இந்த ஓர் உண்மையில் வந்துதான் இறங்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் முன்பு அரசர்கள் படியளந்தார்கள். கோயில்கள் மானியம் விட்டன. ஜமீன்தார்கள் சால்வை போர்த்தினார்கள். பிறகு சபாக்கள் தோன்றி வாசலில் நின்று டிக்கெட் கிழித்தன. ரேடியோ வந்தபோது இந்தக் கணக்கெல்லாம் குழம்பிப் போயிற்று. ஆகாயத்தில் வருகிற பாட்டுக்கு எந்த வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பது? பணம் கொடுத்தவர் காதிலும் அது விழுகிறது; கொடாதவர் காதிலும் அதே இனிமையுடன்தான் விழுகிறது.

உலகம் இதற்கு மூன்று வழிகளைக் கண்டுபிடித்தது. முதலாவது சர்க்கார் வழி. ரேடியோப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் தபாலாபீசுக்குப் போய் லைசென்ஸ் பணம் கட்டிய காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாவது வியாபாரி வழி. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் ஒரு சினிமாப் பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே விளம்பரக் குரல் வந்து போகுமே, அது. பாட்டு நமக்கு இலவசம். நாம் விளம்பரக்காரருக்கு விலை. மூன்றாவது வழி விசித்திரமானது. "ஐயா, அம்மா, உங்களுக்காகப் பாடுகிறோம். பிடித்திருந்தால் கொடுங்கள், கொடாவிட்டாலும் கேட்டுவிட்டுப் போங்கள்" என்பது. நம்முடைய பாஷையில் சொன்னால் உண்டியல் வழி.

உண்டியலை நம்பி ஒரு டீக்கடைகூட நடத்த முடியாது என்று உலகம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவில், அதை நம்பியே கிறிஸ்தவ சங்கீதத்தை இராப்பகலாக ஒலிபரப்பும் ரேடியோ நிலையங்கள் தோன்றி, ஒரு நிலையம் பலவாகி, பிராந்தியம் முழுவதும் பரவியிருக்கின்றன. அவற்றின் வரலாற்றைப் பார்க்க மிகவும் தோதான இடம் மின்னஸோட்டா மாநிலம். கனடாவின் எல்லையை ஒட்டிய குளிர் பிரதேசம் அது. ஏரிகள் நிறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே, ஸ்வீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே காடு திருத்திக் குடியேறினார்கள். பனிக்காலத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த பண்ணை வீட்டுக்கும் நடுவே வெண்மையான மௌனம்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ரேடியோ என்பது பெட்டி அல்ல. வீட்டுக்கு வந்த மனிதர்.

ரேடியோவில் தேவாலயம் ஏறியது 1921-ம் ஆண்டு ஜனவரி 2-ம் தேதி. பிட்ஸ்பர்க் நகரத்தின் கால்வரி தேவாலயத்து ஞாயிறு ஆராதனையை அங்குள்ள கே.டி.கே.ஏ. நிலையம் ஒலிபரப்பிற்று. ஒலிபரப்பாகும் முதல் ஆராதனை அதுதான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கருவிகளைக் கவனித்த இரண்டு தொழில் நிபுணர்களில் ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் யூதர். கூட்டத்தின் கவனம் சிதறாதபடி அவர்களுக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்கள் என்று சொல்வார்கள். ரேடியோவுக்கும் மதத்துக்கும் நடந்த கல்யாணம் இப்படி வேஷத்தோடுதான் ஆரம்பமாயிற்று.

மின்னஸோட்டாவில் நார்த்பீல்டு என்று ஓர் ஊர். அங்கே நார்வேயிலிருந்து வந்த லூதர் சபையினர் 1874-ல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கி, தங்கள் தாய்நாட்டுப் புனிதரான ஓலாப் அரசரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அதுவே செயின்ட் ஓலாப் கல்லூரியாக வளர்ந்தது. நார்வேயில் பிறந்த கிறிஸ்டியான்ஸென் என்ற சங்கீத ஆசிரியர் 1912-ல் அந்தக் கல்லூரியில் ஒரு பாடகர் குழுவை அமைத்தார். பக்கவாத்தியம் கிடையாது. குரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் எழுப்புகிற பாணி. அதே கல்லூரியில் பௌதிகம் படித்தவர்கள் 1918-ல் கம்பியில்லாத் தந்தியை வைத்துப் பரிசோதனைகள் செய்துகொண்டிருந்தார்கள். பாட்டும் பௌதிகமும் ஒரே வளாகத்தில் இருந்தால் என்ன ஆகும்? 1922-ல் டபிள்யூ.சி.ஏ.எல். என்ற ரேடியோ நிலையம் லைசென்ஸ் பெற்றது. தேவாராதனைகளும் பாடகர் குழுவின் கீதங்களும் பனி வயல்களைத் தாண்டிப் பண்ணை வீடுகளுக்குள் போயின.

அதே 1922-ல்தான் நியூயார்க்கில் ஒரு நிலையம், குடியிருப்பு வீடுகளை விற்கும் கம்பெனி ஒன்றுக்குக் காசு வாங்கிக்கொண்டு நேரத்தை விற்றது. ரேடியோ விளம்பரம் என்ற பெரிய மரத்துக்கு அதுதான் விதை என்பார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1924-ல், நார்த்பீல்டு நிலையம் வேறொரு விதையைப் போட்டது. தன்னைக் கேட்கிறவர்களிடமே அது நேராகப் பணம் கேட்டது. அவர்களும் அனுப்பினார்கள். அமெரிக்காவில் நேயர்களின் நன்கொடையால் நடந்த முதல் ரேடியோ நிலையம் என்ற பெயர் அதனால் அதற்கு உண்டாயிற்று.

ஆனால் காலம் விளம்பர மரத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றியது. 1927-ல் அமெரிக்க சர்க்கார் ரேடியோவை ஒழுங்குபடுத்த ஒரு கமிஷனை ஏற்படுத்தியது. எல்லோருக்கும் பொதுவாக எல்லாவற்றையும் ஒலிபரப்புகிற வர்த்தக நிலையங்களே ஊருக்கு நல்லவை என்று அந்தக் கமிஷன் கருதிற்று. ஒரு மதத்தையோ ஒரு கொள்கையையோ பேசுகிறவை "பிரசார நிலையங்கள்" என்று ஒதுக்கப்பட்டு, மட்டமான அலைவரிசைகளையும் அரைகுறை நேரத்தையும் பெற்றன. கல்லூரிகள் நடத்திய நிலையங்களில் பெரும்பாலானவை இந்தக் காலத்தில்தான் மறைந்தன. நார்த்பீல்டு நிலையம் பிழைத்தது. ஆனால் மின்னஸோட்டா சர்வகலாசாலையின் நிலையத்தோடு ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொண்டு காலம் தள்ள வேண்டியிருந்தது. இரண்டு குடித்தனத்துக்கு ஓர் அடுப்பு!

பெரிய ஒலிபரப்புக் கம்பெனிகளோ மதத்துக்கு நேரத்தை விற்பதில்லை என்று விரதம் பூண்டன. பெரிய சபைகளின் கூட்டமைப்புக்கு ஞாயிறுகளில் இலவசமாக நேரம் கொடுத்தன. மற்ற சுவிசேஷப் பிரசங்கிகள் மியூச்சுவல் என்ற கம்பெனியிடம் விலை கொடுத்து நேரம் வாங்கினார்கள். 1944-ல் அதுவும், மத நிகழ்ச்சிகள் ஞாயிறு காலையோடு சரி, ரேடியோவில் நன்கொடை கேட்கவும் கூடாது என்று கதவைச் சாத்திற்று. வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வீட்டுக்காரன் நோட்டீஸ் கொடுத்தால் என்ன தோன்றும்? "சொந்த வீடு வேண்டும்" என்று தோன்றும். அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

சொந்த வீட்டுக்கு மனை கொடுத்தவர் மதத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு விஞ்ஞானி. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் எப்.எம். முறையைக் கண்டுபிடித்து 1935-ல் நிபுணர்களுக்கு முன்னால் செய்து காட்டினார். இடி மின்னல் இரைச்சல் இல்லாமல், பாட்டு பாட்டாகவே கேட்டது. அவருக்குக் கிடைத்த பரிசு பெரிய கம்பெனிகளோடு வழக்கு, மனக்கசப்பு, பண நஷ்டம். 1945-ல் சர்க்கார் எப்.எம். ஒலிபரப்பையே வேறு அலைவரிசைக்கு மாற்றியதால், அதுவரை ஜனங்கள் வாங்கியிருந்த எப்.எம். பெட்டிகள் எல்லாம் ஒரே உத்தரவில் மரப்பெட்டிகளாகிவிட்டன. 1954-ல் ஆர்ம்ஸ்ட்ராங் தம் வீட்டு ஜன்னலிலிருந்து குதித்து உயிரை விட்டார். சங்கீதத்துக்கு இவ்வளவு நல்ல வாகனம் செய்து கொடுத்தவரின் முடிவு அப்படி.

அந்த 1945-ம் ஆண்டு உத்தரவில் ஒரு நல்ல காரியமும் இருந்தது. புதிய எப்.எம். வரிசையில் 88 முதல் 92 வரை உள்ள 20 இடங்களைக் கல்விக்காகவும், விளம்பரம் இல்லாத ஒலிபரப்புக்காகவும் ஒதுக்கி வைத்தார்கள். அதை ஒரு தர்மத் தெரு என்று வைத்துக்கொள்ளலாம். வியாபாரிக்கு அந்தத் தெருவில் கடை போட அனுமதி கிடையாது. பிற்காலத்தில் இந்தத் தெருவுக்காக ஒரு பெரிய சண்டை நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மின்னியாபொலிஸ் நகரத்தில் வில்லியம் பெல் ரைலி என்ற பாப்டிஸ்டு பாதிரியார் 1902-ல் நார்த்வெஸ்டர்ன் என்ற வேதப் பள்ளியை நிறுவியிருந்தார். 1947-ல் அவர் இறந்தார். தமக்குப் பின் பள்ளியை நடத்தும்படி அவர் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டது முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பிரசங்கியை. பில்லி கிரகாம் என்று பெயர். ஆசிரியர்களும் மாணவர்களுமாகப் பணம் சேர்த்து ஒரு ரேடியோ நிலையத்துக்கு அடி போட்டார்கள். 1949-ம் ஆண்டு பிப்ரவரி 7-ம் தேதி கே.டி.ஐ.எஸ். என்ற அந்த நிலையம் பேசத் தொடங்கியது. கிரகாமை உலகப் புகழுக்கு உயர்த்திய லாஸ் ஏஞ்சல்ஸ் கூடாரக் கூட்டங்கள் அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் நடந்தன. அவருடைய பெயர் பெரிதாவதற்கு முன்பே மின்னஸோட்டாவின் சமையலறைகளில் அவருடைய குரல் பழகிவிட்டது.

1952-ல் கிரகாம் கல்லூரிப் பதவியை விட்டு விலகினார். ரேடியோ விலகவில்லை. ஐம்பதுகளில் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூவிலும் வடக்கு டகோட்டாவின் பார்கோவிலும் கிளை நிலையங்கள் தோன்றின. பிறகு தெற்கு டகோட்டா, விஸ்கான்சின் என்று வேர் ஓடிற்று. இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அடுத்ததுதான். 1966-ல் நார்த்வெஸ்டர்ன் கல்லூரி மூடப்பட்டது. வகுப்பறைகள் காலியாகி, ஆசிரியர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். ஆனால் ரேடியோ நிலையங்கள் மட்டும் பாடிக்கொண்டே இருந்தன. மாணவர்கள் இல்லாத கல்லூரியை நேயர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1972-ல், கத்தோலிக்கர் குருமாணவர்களுக்காகக் கட்டியிருந்த நாசரேத் ஹால் என்ற அழகிய கட்டடத்தில் கல்லூரி மறுபடியும் திறந்தது. தாய் பிள்ளையைக் காப்பது இயற்கை. இங்கே பிள்ளை தாயை ஆறு வருஷம் தோளில் சுமந்தது.

கே.டி.ஐ.எஸ். தொடங்கி இரண்டு மாதம் கழித்து, 1949 ஏப்ரல் 15-ல், அமெரிக்காவின் மறு கோடியில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் இன்னொரு நிலையம் பிறந்தது. பெயர் கே.பி.எப்.ஏ. அதை நிறுவியவர் லூயிஸ் ஹில். யுத்த காலத்தில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று மறுத்த சமாதானவாதி. அவர் வேதப் பிரசாரத்துக்கு வந்தவரல்ல. கவிதை, கச்சேரி, அரசியல் விவாதம் என்று ஒலிபரப்பினார். ஆனால் கண்டுபிடித்த வழி மட்டும் அதே உண்டியல் வழி. கேட்கக்கூடிய ஜனங்களில் நூற்றுக்கு 2 பேர் ஆண்டுக்கு 10 டாலர் கொடுத்தால் போதும், ரேடியோ யாருக்கும் தலை வணங்க வேண்டியதில்லை என்று அவர் கணக்குப் போட்டார். 1950-ல் பணம் இல்லாமல் நிலையம் வாய் மூடிற்று. நேயர்கள் பணம் திரட்டி, 1951-ல் மறுபடியும் வாய் திறக்க வைத்தார்கள். பைபிளைக் கையில் எடுத்தவர்களும் போரை மறுத்தவர்களும் ஒரே ஆண்டில், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

பின்னால் இந்த இரண்டு குடும்பங்களும் மோதிக்கொண்டன. ஹில்லின் வழியில் வந்தவர் லாரன்ஸோ மிலாம். இளம்பிள்ளை வாதத்தால் ஊன்றுகோல் பிடித்து நடந்தவர். 1962-ல் சியாட்டில் நகரத்தில், டோனட் பலகாரக் கடையாக இருந்த ஒரு சிறு கட்டடத்தில் ரேடியோ நிலையம் தொடங்கியவர். தர்மத் தெருவில் மனைகளை மத ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே போவதை அவரும் ஜெரமி லான்ஸ்மன் என்ற நண்பரும் பார்த்தார்கள். 1974 டிசம்பரில் கமிஷனுக்கு ஒரு மனுக் கொடுத்தார்கள். மத ஸ்தாபனங்கள் அந்த இடங்களைக் கல்விக்குத்தான் பயன்படுத்துகின்றனவா என்று விசாரித்து முடிக்கும் வரையில் அவற்றுக்குப் புது மனை கொடுக்காதீர்கள் என்பது கோரிக்கை. அவ்வளவுதான்.

ஆனால் செய்தி வாய்க்கு வாய் மாறியது. "ரேடியோவிலிருந்து கடவுளையே விரட்டப் போகிறார்கள்" என்று ஆயிற்று. அந்த மனுவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மாடலின் மர்ரி ஓஹேர் என்ற பிரபல நாத்திக அம்மையாரின் பெயரும் எப்படியோ அதில் ஒட்டிக்கொண்டது. லட்சக்கணக்கான கண்டனக் கடிதங்கள் கமிஷனின் வாசலில் குவிந்தன. 1975 ஆகஸ்டு 1-ம் தேதி கமிஷன் மனுவைத் தள்ளிவிட்டது. மதங்களுக்கு நடுவிலும், மதத்துக்கும் மதமின்மைக்கும் நடுவிலும் சர்க்கார் நடுநிலை வகிக்க வேண்டும் என்றது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மனு செத்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் கடிதங்கள் வந்தன. 1995-ல் அந்த அம்மையார் கடத்திக் கொலை செய்யப்பட்ட பிறகும் அவருடைய மனுவை எதிர்த்துக் கடிதங்கள் வந்தன. மொத்தம் கோடிக்கணக்கில் போயிற்று. சிரிப்பதா, வருந்துவதா? ஒன்று மட்டும் நிச்சயம். அந்தக் கடிதம் எழுதிய ஒவ்வொருவரும் அந்த ரேடியோவைத் தம்முடைய சொந்த வீட்டுச் சொத்தாகவே நினைத்திருக்கிறார்கள். தம் வீட்டுச் சுவரில் யாரோ கடப்பாரை போடுகிறார்கள் என்றால்தான் மனிதர் அப்படிப் பதறுவார்.

இந்த ஆண்டுகளில் பாட்டும் மாறிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் ஆர்கன் வாத்தியம், பாடகர் குழு, பழைய கீதங்கள். அறுபதுகளின் கடைசியில் கலிபோர்னியாக் கடற்கரையில் நீண்ட தலைமுடி வளர்த்த வாலிபர்கள் கிட்டாரோடு தேவாலயத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களை உள்ளே விட்ட பாதிரியார்களில் முக்கியமானவர் சக் ஸ்மித். அவருடைய சபையிலிருந்து 1971-ல் மாரநாதா என்ற இசைத்தட்டு ஸ்தாபனமே தோன்றிற்று. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் கிறிஸ்தவ ரேடியோவின் மெட்டே அதுவாகிவிட்டது. பிரசங்கம் குறைந்து பாட்டு மிகுந்தது.

இங்கேதான் உண்டியல் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. ஆண்டுக்கு ஓரிரு முறை சில நாட்கள் இந்த நிலையங்கள் பாட்டைக் குறைத்துவிட்டு நன்கொடை கேட்கும். டெலிபோன்கள் வரிசையாக மணியடிக்கும். தொண்டர்கள் பெயரும் தொகையும் எழுதுவார்கள். "அடுத்த ஒரு மணி நேரத்தில் வருவதற்கு ஈடாக நானும் தருகிறேன்" என்று ஒரு தனவந்தர் முன்வருவார். நாளுக்கு ஒரு டாலர் போதுமே என்று அறிவிப்பாளர் மன்றாடுவார். கொடுக்கிறவர் யார், அவருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கிறது என்று நிலையம் கணக்கெடுக்காமல் இருக்குமா? கணக்கெடுத்தது. அந்தக் கணக்கிலிருந்து ஒரு கற்பனைப் பெண் பிறந்தாள். கிறிஸ்தவ ரேடியோத் தொழிலில் அவளுக்குப் "பெக்கி" என்று பெயர். வயது முப்பத்தைந்துக்கு மேல், குழந்தைகள் உண்டு, அவர்களைக் காரில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போது ரேடியோ கேட்பவள். பெக்கிக்குப் பிடித்தால் பாட்டு ஒலிபரப்பாகும், இல்லையென்றால் இல்லை.

பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதியவர்களுக்கு இந்தப் பெண்மணி புதியவரல்ல. வாசகர் கடிதங்களிலிருந்து பிறந்து, எழுதுகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கதாநாயகியைச் சாகடித்துவிடாதீர்கள்" என்று சொல்வாரே, அவரேதான். அவரிடம் கோபித்துக்கொள்ள முடியாது; அவர் போடுகிற சோறு. ஆனால் அவர் ஒருவருக்காகவே எழுதினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. கே.டி.ஐ.எஸ். முதலிய நிலையங்களின் பாட்டு "நம்பிக்கை தருவது, குடும்பத்தோடு கேட்கத் தக்கது" என்ற ஒரு சுருதியிலேயே நின்றது. கறுப்பர் தேவாலயங்களின் காஸ்பல் பாட்டுக்கும், பாட்டிமார்களின் பழைய கீதங்களுக்கும், துக்கத்தைத் துக்கமாகவே பாடும் பாட்டுக்கும் இடம் சுருங்கிற்று. சர்க்காரிடமிருந்தும் விளம்பரக்காரரிடமிருந்தும் விடுதலை பெற்ற ரேடியோ, கொடுக்கிறவரின் அன்புக்குள் சிறைப்பட்டது.

அன்பு பெருகப் பெருக வீடும் பெரிதாயிற்று. 1982-ல் கலிபோர்னியாவின் சான்டா ரோசா ஊரில் ஒரே ஒரு நிலையமாகத் தொடங்கியது கே-லவ். எண்பதுகளில் வான்கோள் வழியாக ஒரே நிகழ்ச்சியைத் தொலைதூரச் சிறு அஞ்சல் நிலையங்களுக்கு அனுப்ப அனுமதி கிடைத்தது. கே-லவ் அந்த வழியில் ஐம்பது மாநிலங்களுக்கும் பரவிற்று. அதன் தாய் ஸ்தாபனத்துக்கு இப்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒலிபரப்பு முனைகள் உண்டு. 2019-ல் நியூயார்க்கின் பழம்பெரும் ராக் இசை நிலையமான டபிள்யூ.பி.எல்.ஜே.யையும் சேர்த்து ஆறு நிலையங்களை 10 கோடியே 35 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. நாளுக்கு ஒரு டாலர் என்று வந்த சில்லறையின் பலம் அது. ஆனால் மின்னஸோட்டாவில் பனிப்புயல் என்றால் அதைச் சொல்ல ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள அறிவிப்பாளருக்கு என்ன தெரியும்? பிராந்திய நிலையங்கள் இன்னும் மரியாதையோடு நிற்பது இந்த ஒரு காரணத்தால்தான். ஊர்ச் சாலை, ஊர்ச் சாவு, ஊர்ப் பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் தெரிந்த குரல், பாட்டுக்கு நடுவே பேசுகிறது.

இனி நார்த்பீல்டுக்குத் திரும்பலாம். நேயர்களை நம்பி முதலில் உண்டியல் வைத்த டபிள்யூ.சி.ஏ.எல். என்ன ஆயிற்று? அது எப்.எம்.முக்கு மாறி, தர்மத் தெருவிலேயே 89.3-ல் குடியேறிற்று. ராச்செஸ்டர் ஊரில் ஒரு கிளையும் அமைத்துக்கொண்டது. சாஸ்திரீய சங்கீதமும் தேவ கீதமும் ஒலிபரப்பி, தலைமுறை தலைமுறையாக நன்கொடை பெற்றது. 2004-ல் செயின்ட் ஓலாப் கல்லூரி அதை மின்னஸோட்டா பொது வானொலி ஸ்தாபனத்துக்கு 1 கோடியே 5 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டது. லைசென்ஸ் கல்லூரியின் பெயரில் இருந்தது. எனவே விற்கும் கையெழுத்தும் கல்லூரியுடையது. 2005 ஜனவரியில் அதே 89.3-ல் வாலிபர்களுக்கான புதிய சங்கீத நிலையம் ஒன்று பாடத் தொடங்கியது.

நேயர்கள் கொதித்தார்கள். "எண்பது வருஷமாகப் படியளந்தது நாங்கள், விற்க நீங்கள் யார்?" என்று நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். விற்ற நிலையம் திரும்பி வரவில்லை. கல்லூரி தீய எண்ணத்தோடு செய்தது என்று சொல்ல முடியாது. அதற்கும் கட்டடம், சம்பளம், கடன் எல்லாம் உண்டு. புதிதாக வந்த நிலையமும் நேயர் காசில்தான் நடக்கிறது. அதைக் கேட்கிற வாலிபர்களும் தங்கள் பாட்டைத் தங்கள் உயிராகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த முள்ளைத் திருப்பி, பழக்கமான பாடகர் குழுவைத் தேடி, வேறெதையோ கேட்டுத் திகைத்த ஒரு கிழவிக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பயன் உண்டா?

விளம்பரக்காரர் பணம் கொடுத்தால் அவருக்கு ஒப்பந்தம் உண்டு. வரி கட்டுகிறவருக்கு ஓட்டு உண்டு. அன்பினால் கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை. பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர் தம்மை அறியாமலே தீர்மானித்துவிடுகிறார். பாட்டு இருக்க வேண்டுமா என்பதை அவரால் தீர்மானிக்க முடிவதில்லை. நம் வானொலிக்காரர்கள் கேட்பவருக்கு ஒரு பெயர் வைத்தார்களே, நேயர் என்று, நேசமுள்ளவர் என்றுதான் அதற்கு அர்த்தம். சொந்தக்காரர் என்று அர்த்தமில்லை. மின்னஸோட்டாக்காரர்கள் இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்ட பிறகும் அடுத்த நிதி வாரத்தில் டெலிபோன் மணி அடிக்கிறது. யாரோ ஒருவர் தம் பெயரையும் ஒரு சிறு தொகையையும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.